ஆண்டுக்குப் பெயர் விழும் நாள்

அசீரியர்களைப் பற்றி உலகம் ஒரு பெரும் பிழையைச் சுமந்துகொண்டிருக்கிறது. மேலும் ஒரு தலைமுறை கெடுவதற்குள் அதை இப்போதே திருத்தியாக வேண்டும். அசீரியர் என்றதும் சிறகு முளைத்த காளை, தேர்ச்சக்கரம், உயிரோடு தோலுரிக்கப்படும் கைதி, சுருள் தாடியோடு சிங்கத்தைக் குத்தும் அரசன் என்று ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் ஓடுகிறது. அதெல்லாம் பின்னால் வந்த வம்பு. ஆரம்ப நூற்றாண்டுகளில் அந்த ஜனங்கள் பெரிதாக எந்த நாட்டையும் பிடித்துவிடவில்லை. அவர்கள் அடக்கி ஆள முயன்றது கழுதைகளை. அதிலும் முழு வெற்றி கிட்டியதாகச் சொல்ல முடியாது. டைகிரிஸ் ஆற்றங்கரைப் பாறைமேல் அஷூர் என்று ஓர் ஊர். கிழக்கிலிருந்து வெள்ளீயம் வரும், தெற்கிலிருந்து துணி வரும், வீட்டுப் பெண்கள் நெய்ததும் அதோடு சேரும். எல்லாவற்றையும் கழுதைமேல் ஏற்றி, மலைகளைத் தாண்டி, கனேஷ் என்ற ஊருக்குக் கொண்டுபோய் விற்றார்கள். (நம் பிள்ளையாருக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பிழையையும் கையோடு தவிர்ப்பது நலம்.) அரசன் என்று யாரையும் அவர்கள் அழைக்கவில்லை. அஷூர் தெய்வம்தான் அரசன். ஊரை நடத்தும் மனிதர் அந்தத் தெய்வத்தின் காரியக்காரர், அவ்வளவுதான். ஆண்டுகளை எண்ணும் பழக்கமும் இல்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆளின் பெயரை வைத்தார்கள். பெரிய குடும்பத்து ஆண்களில் ஒருவன் பெயர் சீட்டில் விழும். அடுத்த புத்தாண்டு வரை அந்த ஊரில் நடக்கும் கல்யாணம், சாவு, ஆடு களவுபோனது எல்லாம் அந்த ஆளின் ஆண்டில் நடந்தவை ஆகும். இகூப்பியா என்கிற துணி வியாபாரி கோயில் முற்றத்தில் உட்கார்ந்து அந்தச் சீட்டுக்காகக் காத்திருந்தபோது அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்ததற்கு இந்த வழக்கம்தான் காரணம்.

வழக்கம் பாதிக் காரணம். மீதிக் காரணம் எதிரே பீர்ப் பானையண்டை உட்கார்ந்திருந்தது. லகீபு. பானையில் நாணல் குழல்கள் நட்டிருந்தன, ஆளுக்கு ஒரு குழல், ஆனால் உள்ளே இருப்பது ஒரே பீர், அதுதான் யாருக்கும் உறைக்கவில்லை. லகீபு உறிஞ்சுவான், பாதியில் சிரிப்பு வந்துவிடும், வாயில் இருந்ததெல்லாம் குழல்வழியே திரும்பப் பானைக்குள் இறங்கும், அதை அடுத்தவன் உறிஞ்சுவான், அவனும் சிரிப்பான். இகூப்பியா காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பலியிட்ட செம்மறியின் ரத்தம் கல் இடுக்குகளில் கறுத்துப்போய், அதன்மேல் ஈக்கள் கனமாக எழுந்து கனமாக உட்கார்ந்தன. எல்லோர் உடம்பிலும் ரோமத்தின் பிசுக்கு வாடை, தன் உடம்பிலும்தான், ஆனால் தன் வாடை தனக்குத் தெரியவில்லை, அதுவே பெரிய சலுகை. லகீபுவின் வாடையோ காற்று இல்லாமலே நடந்து வரும், பூண்டு, நல்லெண்ணெய் தடவிய தாடி, அதற்கடியில் இன்னும் ஏதோ ஒன்று, வெதுவெதுப்பாக. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மனைவி தாரிஷாவை நினைக்கலாம். முந்தின நாள் பொழுது சாயும்போது அவளுக்கு வலி கண்டது. மாமியார் ஷிமத் கதவைச் சாத்திக்கொண்டு, "நீங்க கோயிலுக்குப் போங்க, இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்றாள். உள்ளே தாரிஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாடு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிள்ளை இன்றைக்கே, இப்போதே, சீட்டுச் சாடி கவிழ்ந்து அடுத்த ஆண்டின் பெயர் விழுவதற்குள் பிறந்துவிட வேண்டும். பிறந்துவிட்டால் அது இலிதானின் ஆண்டுப் பிள்ளை. இலிதான் கிழவர், அதோ மேடைமேல் தன் ஆண்டின் கடைசி வெயிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை, நல்லதும் செய்ததில்லை, ஓர் ஆண்டுக்கு அப்படிப்பட்ட பெயர் போதும். சாடி கவிழ்ந்த பிறகு பிறந்தால்? யார் பெயர் வேண்டுமானாலும் விழலாம், அவன் பெயரேகூட விழலாம். லகீபுவின் பெயரும் விழலாம்.

விழுந்தால் என்ன ஆகும் என்று வெளியூர்க்காரன் கேட்பான். கனேஷில் கேட்டார்கள்: ஆண்டுக்கு ஆள் பெயரா, எதற்கு, என்று. அவர்களுக்கு எப்படிச் சொல்வது. இந்த ஊரில் காலத்துக்கு முகம் உண்டு, மூக்கும் வாயும் உண்டு. தாரிஷாவின் முதல் பிள்ளை ஸுக்கல்யாவின் ஆண்டில் பிறந்தது. பிறந்து, மூடின கண்ணைத் திறக்காமலே போய்விட்டது. ஸுக்கல்யா தெருக்கோடி வியாபாரி, நல்ல மனுஷன், ஈமத்துக்கு அவன்தான் பாய் கொண்டுவந்து போட்டான். ஆனாலும் அன்றிலிருந்து இகூப்பியா அந்தத் தெருவழியே போவதில்லை. ஸுக்கல்யா தூரத்தில் கையை ஆட்டினால் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பாய் விரிகிறது. தாரிஷா வாய் தவறிக்கூட அந்தப் பெயரைச் சொல்ல மாட்டாள், ‘அந்த வருஷம்’ என்பாள், மற்ற எல்லா வருஷத்துக்கும் பெயர் இருக்கும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பிள்ளை பிழைத்துவிடும், பிழைக்க வேண்டும், அஷூரே, அரசே, பிழைக்கட்டும். பிழைத்து வளர்ந்து பெண் கேட்கப் போகும், நீ எந்த ஆண்டு என்பார்கள், லகீபுவின் ஆண்டு என்று சொல்லும், சொல்லும்போது அதன் வாயிலிருந்து பூண்டு வாடை வரும். வரும். தன் பிள்ளையின் வாயில் அந்த ஆளின் மூச்சு. ச்சீ.

அப்படி என்ன செய்துவிட்டான் லகீபு? அதுதான் தாங்க முடியாதது. அவன் ஏமாற்றியிருந்தால், அடித்திருந்தால், வெறுப்பதற்கு ஒரு கௌரவம் இருந்திருக்கும். அவன் காப்பாற்றினான். கனேஷுக்குப் போகும் வழியில், கணவாயில், பனி குறுக்கே பிடித்துக்கொண்டது. கழுதைகள் நின்ற இடத்திலேயே நின்றன. இகூப்பியாவின் இரண்டு காலும் வெளுத்து, மெழுகுபோல் ஆகி, கல்லில் தட்டினால் சத்தம் வந்தது, வலி வரவில்லை. கூட வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வெட்ட வேண்டியிருக்கும் என்று அவர்கள் சொல்லாதது அவனுக்குக் கேட்டது. லகீபு தன் மேலாடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினான், வெங்காயம் உரிப்பதுபோல அடுக்கடுக்காக, கடைசியில் வயிறு வந்தது, அந்த இரண்டு பாதங்களையும் எடுத்து வயிற்றின்மேல் வைத்து மூடிக்கொண்டு பனி ஓயும்வரை அப்படியே படுத்திருந்தான். பூண்டு மென்றான். தன் தங்கை கல்யாணத்தில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வயிறு பேசியது, உருண்டது, முனகியது, அதைக் காதால் கேட்பதற்கு முன் பாதத்தால் கேட்டான் இகூப்பியா. ரோமம். வேர்வை. அந்தப் பனியிலும் வேர்வை. உயிர் திரும்பிய கால்விரல் முதன்முதலில் தொட்டுணர்ந்தது லகீபுவின் தொப்புளை. அதற்குப் பிறகு அந்த விரல் எவ்வளவோ ஆற்றில் குளித்திருக்கிறது, எவ்வளவோ எண்ணெய் பார்த்திருக்கிறது. செருப்பு மாட்டும்போதெல்லாம் இன்றைக்கும் அது சுருங்கிக்கொள்கிறது. இதை லகீபு எல்லோரிடமும் சொன்னான். கனேஷில் சொன்னான், திரும்பி வந்து சந்தையில் சொன்னான், தாரிஷாவின் கல்யாணப் பந்தியில் அவள் தாய்மாமன்கள் நடுவே சொன்னான்: "மாப்பிள்ளை காலப் பாத்துக்குங்க! என் வயித்துல படுத்து எழுந்த காலு அது!" தாரிஷா சிரித்தாள். அவள் முதன்முதலாகச் சிரித்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான், அதற்கும் அந்த ஆள்தான் காரணம், அதையும் அவன் விட்டுவைக்கவில்லை.

இன்னும் சாடி கவிழவில்லை. காரியக்காரர் இன்னும் உள்ளே ஈரல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டு ஈரலில் நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் சாடியைத் தூக்குவார். சாடி மேடைமேல் இருந்தது, அகலமான வாய், அதற்குள் பெயர்க்கட்டிகள், குலுக்கிச் சாய்க்கும்போது முதலில் விழும் கட்டியின் பெயர்தான் அடுத்த ஆண்டுக்கு. இகூப்பியா தன் கைகளைப் பார்த்தான். நகத்தடியில் மண். விடியற்காலையில் ஆற்றங்கரையில் எல்லோரும் குத்துக்காலிட்டு மண் பிசைந்தார்கள். சீட்டில் பெயர் போடுகிறவன் தன் மண்ணைத் தானே எடுத்து, தானே கட்டியாகப் பிடித்து, நாணல் முனையால் தன் பெயரை எழுதித் தணலில் வாட்டிக் கொண்டுவர வேண்டும், அதுதான் முறை. அளவு இவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை. ஆண் கைக்குள் உருளும் மண் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் வரும், அதனால் சொல்லத் தேவைப்படவில்லை. அப்போது லகீபு வந்தான், வலது கைக் கட்டைவிரலில் கொழுப்புத் தோய்த்த கம்பளிக் கட்டோடு, அந்தக் கொழுப்பு கெட்டுப்போன கொழுப்பு.

"தம்பி, கழுதை கடிச்சிடுச்சுப்பா."

அந்த ஊர் வியாபாரிகள் ஒருவரையொருவர் அண்ணன் தம்பி என்றுதான் அழைப்பார்கள். ரத்த உறவு வேண்டியதில்லை, ஒரே பாதையில் கழுதை ஓட்டியிருந்தால் போதும்.

"எந்தக் கழுதைண்ணே?" என்று கேட்டது பக்கத்தில் மண் பிசைந்துகொண்டிருந்த ஹனூனு. ஊர்ச் செய்தி எதுவும் அவன் காதுக்குத் தப்பாது.

"நம்ம கறுப்பிதான். பல்லு விழுற வயசுல அவளுக்கு வந்த ஆசையப் பாரு. இகூப்பியா, எனக்கும் ஒண்ணு பிடிச்சுக் குடேன். உன் கையெழுத்து அழகு."

"வேற யாரையாவது கேளுங்கண்ணே."

"வேற யாரு காலை நான் வயித்துல வெச்சேன்?"

கரை முழுக்கச் சிரித்தது. இகூப்பியாவும் சிரித்தான், சிரித்துக்கொண்டே மண்ணை அள்ளினான், அள்ளும்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கை முதலில் அள்ளியது, தலை பிறகு தெரிந்துகொண்டது. இன்னும் ஒரு பிடி. இன்னும் ஒன்று. கனமானது அடியில் போகும். ஆற்றில் கல் அடியில் போகிறது, தக்கை மேலே வருகிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. மற்ற எல்லோருடையதும் ஈச்சம்பழம் அளவு என்றால் இது முஷ்டி அளவு வந்தது, நாலு மூலையும் கனத்து.

"என்னப்பா இது, பெயர்க்கட்டியா, சுவர் வைக்கிற செங்கல்லா?" என்றான் ஹனூனு.

"அண்ணனுக்கு ஏத்த மாதிரி வேணாமா?"

லகீபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, என் தம்பிக்குக் கை தாராளம்" என்று சொல்லி, எச்சில் தொட்ட விரலால் ஒரு மூலையைத் தானே தடவி வழவழப்பாக்கினான். அந்த எச்சில்மேலேயே பெயரை எழுத வேண்டியிருந்தது. பிறகு கோயிலில், "என் கைதான் ஆகாதே, நீயே போட்டுடு" என்றான், இகூப்பியா முதல் ஆளாகப் போய்ச் சாடிக்குள் தோள்வரை கையை விட்டு அதை அடித்தரையில் வைத்துவிட்டு வந்தான். மற்றதெல்லாம் அதன்மேல் விழுந்த சத்தம், சலசலவென்று, நிம்மதியாக இருந்தது. மூடிவிட்டது. புதைந்துவிட்டது. அப்போதிருந்து இவ்வளவு நேரம் அவன் மனம் அந்தக் கட்டியை விட்டு நகரவில்லை, நாக்கு சொத்தைப்பல்லை விடாததுபோல.

எதற்காக மனம் இப்போது கணவாய்ப் பாதையின் தீவன மூட்டைகளை நினைக்க வேண்டும்? பார்லி மூட்டை. இங்கே கட்டிக் கழுதைமேல் ஏற்றினால், முதல் மலை தாண்டிப் பிரிக்கும்போது மூட்டை வாயில், தானியத்துக்கு மேலாக, பெரிய பெரிய மண்ணாங்கட்டிகள் உட்கார்ந்திருக்கும். எப்போதும். பார்லி விற்றவனைத் திட்டுவார்கள், மேலாக மண்ணைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று. எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், இகூப்பியாவும் திட்டியிருக்கிறான், அவன் அம்மாவையும் சேர்த்து. ஆனால் ஏமாற்றுகிறவன் மண்ணை மேலாகவா போடுவான்? அடியில் அல்லவா போடுவான். வியாபாரியாக இருந்துகொண்டு இதை ஒருநாளும் யோசிக்கவில்லையே. அப்படியென்றால் அவன் அடியில்தான் போட்டான். மேலே ஏறி வந்தது. யார் ஏற்றினார்கள்? யாரும் இல்லை, கழுதை நடந்தது, மூட்டை குலுங்கியது, குலுங்கக் குலுங்கச் சின்னது இடுக்கு பார்த்துக் கீழே இறங்கிக்கொண்டது, பெரியதற்கு இறங்க இடமில்லை, அதனால். அதனால். ஆறு வேறு, மூட்டை வேறு. சாடி எது? சாடி மூட்டை. சாடி மூட்டையேதான்.

அந்த நேரம் பார்த்துக் காரியக்காரர் வெளியே வந்தார், கைவிரலில் ஈரலின் ஈரத்தோடு. அதை ஆடையில் துடைத்துக்கொண்டு சாடியைத் தூக்கிக் குலுக்க ஆரம்பித்தார். வேண்டுதல் முடியும்வரை குலுக்க வேண்டும், வேண்டுதல் நீளம். கடகடவென்ற சத்தம் மெல்ல மாறுவதைக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் கேட்டான். முதலில் அடியில் ஒரு கனமான முட்டல், பிறகு நடுவில், பிறகு மேலே. எழுந்து நிற்கலாம். நிறுத்துங்கள், அந்தக் கட்டி பெரிசு, நான்தான் பெரிசாகப் பிடித்தேன் என்று கத்தலாம். ஏன் பிடித்தாய் என்பார்கள். ஏன் என்றால், அந்த ஆளின் வயிறு. அதற்கு என்ன? அது வெதுவெதுப்பாக இருந்தது. இதைச் சொல்ல அவர்கள் பேசிய அக்காது மொழியில் வழி இல்லை, எந்த மொழியிலும் இருக்காது. தெய்வத்தின் சாடியில் விளையாடியவனை என்ன செய்வார்கள் என்றும் அவனுக்குத் தெரியவில்லை, இதுவரை யாரும் செய்ததில்லை. தாரிஷா, சீக்கிரம் பெற்றுவிடு. முக்கு. இன்னும் கொஞ்சம். வேண்டுதலில் இன்னும் மலைகளின் பெயர்கள் பாக்கி இருக்கின்றன, ஆறுகளின் பெயர்கள் இருக்கின்றன. அவன் தன்னை அறியாமல் பல்லைக் கடித்து வயிற்றை இறுக்கினான், அவள் செய்ய வேண்டியதை இங்கே உட்கார்ந்து செய்தான், முகமெல்லாம் வேர்த்தது. தன் வேர்வையின் வாடை முதன்முறையாகத் தனக்கே வந்தது. வெதுவெதுப்பாக, லேசாகப் பூண்டோடு. காலையில் அவனும் பூண்டுதான் தின்றிருந்தான். எல்லோரும் அதைத்தான் தின்றிருந்தார்கள். இந்த ஊரில் வேறென்ன கிடைக்கிறது.

சாடி சாய்ந்தது. ஒரே ஒரு கட்டி, தட் என்று, மேடைமேல் விழுந்து ஒரு புரளல் புரண்டு நின்றது. காரியக்காரர் குனிந்து இரண்டு கையாலும் எடுத்தார்.

"லகீபு" என்று படித்தார். பிறகு கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பெரிசா எவன் பிடிச்சது?"

இலிதான் கிழவர் விழித்துக்கொண்டு, "என் வருஷம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஹனூனு இகூப்பியாவின் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நீயா?" என்றார் காரியக்காரர்.

இகூப்பியா எழுந்தான். அதற்குள் லகீபு பீர்க் குழலைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான்.

"எனக்கு விழணும்னே பெரிசா பிடிச்சிருக்கான்! ஐயா, இவன் மறக்கல! நான் பனியில வெச்சிருந்தேனே, அந்தக் காலு, அத இவன் மறக்கவே இல்ல! நான் சும்மா சிரிப்புக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், இவன் மனசுக்குள்ள வெச்சிக்கிட்டே இருந்திருக்கான்!"

காரியக்காரர் இகூப்பியாவைப் பார்த்தார். "அப்படியா?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"ஆமாங்க" என்றான் இகூப்பியா.

"தனக்காகத் திருடறவன் தெரியும். அடுத்தவன் பேருக்காகத் தெய்வத்தோட சாடியில கை வைக்கிற முட்டாள இப்பத்தான் பாக்கறேன்." கூட்டத்தில் ஒருவன் சிரித்தான், பிறகு பலர். காரியக்காரர் கட்டியை மேடைமேல் வைத்தார். "அஷூர் வேணாம்னு நினைச்சிருந்தா அடியிலயே வெச்சிருப்பார். விழுந்தது விழுந்ததுதான். லகீபுவின் ஆண்டு."

லகீபு வந்து கட்டிப்பிடித்தான். எண்ணெய்த் தாடி கழுத்தில் அப்பியது, தோளில் ஈரமாக ஏதோ இறங்கியது, கண்ணீராகத்தான் இருக்க வேண்டும், மூக்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். "என் கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்டா" என்று காதுக்குள் சொன்னான், சூடாக. இகூப்பியா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு காலம் இருக்க முடியும். ஓர் ஆண்டு இருக்க முடியுமா. அதற்குப் பிறகும் அது போகாதே, அந்த ஆண்டு அங்கேயே நிற்குமே, யாராவது திரும்பிப் பார்க்கும்போதெல்லாம்.

கோயில் வாசலில் ஷிமத்தின் வேலைக்காரி நின்றுகொண்டிருந்தாள், கையில் இன்னும் ஈரம் காயவில்லை. "ஆம்பளப் பிள்ளை. அம்மா நல்லா இருக்காங்க. கண்ணத் திறந்து பாத்துச்சு" என்றாள். இகூப்பியா கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்போ?"

"இப்பத்தான்."

"இப்பத்தான்னா? சாடி கவிழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நல்லா கேட்டீங்க. பிள்ள பெக்கிற எடத்துல சாடியையா பாத்துக்கிட்டு இருந்தோம்?"

"என் வருஷம்!" என்று பின்னாலிருந்து லகீபு கத்தினான். "என் வருஷத்தோட முதல் பிள்ளை! கேட்டுக்குங்க எல்லாரும்!" கூட்டம் அதை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியது. இகூப்பியா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஷிமத் ஏற்கெனவே லகீபுவின் பெயரைச் சொல்லிப் பிள்ளைக்கு நெற்றியில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

அடுத்த புத்தாண்டிலிருந்து பெயர்க்கட்டிகளைக் கோயிலிலேயே, ஒரே அச்சில் பிடிக்க ஆரம்பித்தார்கள்.